வட்டத்துக்குள் இரண்டு புள்ளி

அந்த ஆஸ்பத்திரியில் அவளைத் தட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நாடி பிடிக்காத, நாக்கை நீட்டச் சொல்லாத டாக்டர். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் கிருமியை ஜெல்லி ஊற்றிய தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்தை அது சட்டை செய்யாது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

வேலை கேட்பதற்கு எளிது. தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மேலே மருந்தில் தோய்த்த காகித வில்லைகளை வைத்து, இதமான சூட்டில் ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். மருந்துக்கு வீரியம் இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவான ஒரு வட்டம் விழும். இல்லாவிட்டால் கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து உரசிக்கொண்டு நிற்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு தட்டில் வட்டத்துக்குப் பஞ்சமில்லை. இப்போது ஒரு வட்டம் விழுந்தாலே வார்டில் இருப்பவர்கள் சந்தோஷப்படுகிறார்கள்.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவள் வாய் வலிக்கச் சொல்வது ஒன்று உண்டு. "வட்டத்துக்குள்ள புள்ளி இருந்தா அது வட்டமே இல்ல." தெளிந்த இடத்தில் ஒரு புள்ளி முளைத்திருந்தால், அது மருந்துக்குத் தப்பிய கிருமி. மற்றதெல்லாம் செத்து ஒழிந்த பிறகு, காலியான வீட்டில் குடியேறப்போவது அதன் பிள்ளைகுட்டிகள்தான். அந்தப் புள்ளியைக் கிள்ளி எடுத்துத் தனியாக வளர்த்துப் பார்க்கும்வரை, அந்த மருந்தை நம்பாதீர்கள் என்று வார்டுக்குச் சொல்லிவிட வேண்டும். அதோடு, எந்தத் தட்டையும் இரண்டு பேர் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. இரண்டாவது ஆளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. தடித்த கண்ணாடி போட்ட, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற, அவளுக்குச் சமமான இன்னொரு டாக்டர். இருவருக்கும் நாளுக்கு ஒரு சண்டை வராவிட்டால் சோறு இறங்காது.

அன்று மேசைமேல் இருந்த தட்டு அவளுடைய தம்பியுடையது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டி, "எந்தப் பக்கம் வேணும், எடுத்துக்கோங்க" என்றவன். மிச்சம் இருந்த ஒன்றில் இப்போது கல். கல்லை எடுத்தார்கள், எடுத்த கையோடு குளிர் தூக்கிப்போட்டு, ரத்தத்தில் கிருமி பரவி, ஐசியூவில் படுத்துவிட்டான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் கிடையாது. மெடிக்கல் ஷாப்தான். பெரிய ஆன்டிபயாடிக் மாத்திரையாக இரண்டு கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு ஏணியில் ஏறிவிடுவான். "ரெண்டுல நின்னுடுச்சுக்கா, மூணாவது எதுக்கு" என்பான். அக்கா காட்டுக்கத்தலாகக் கத்தியிருக்கிறாள். அவனை மட்டும் சொல்லி என்ன? ஊரே அப்படித்தான் விழுங்குகிறது. இந்த ஆஸ்பத்திரியும் ஒன்றும் யோக்கியம் இல்லை. ஒன்றுமில்லாத சளிக்கெல்லாம் பெரிய மருந்தை வாரி இறைத்த ஆஸ்பத்திரிதான்.

ஐசியூ டாக்டர் விஷயத்தை மறைக்காமல் சொல்லியிருந்தார். "இப்போ போயிட்டிருக்கற மருந்து கிட்னிய ஒண்ணும் பண்ணாது. அது கேக்கலன்னா, கடைசியா ஒரு மருந்து இருக்கு. அது கிருமியக் கொல்லும், கிட்னியையும் பதம் பாக்கும். ரெண்டு இருக்கறவங்களே தடுமாறுவாங்க. உங்க தம்பிக்கு ஒண்ணுதான். உங்க தட்டு என்ன சொல்லுதோ அதுதான்."

ஆக, அந்தச் சாது மருந்துக்கு வட்டம் விழ வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் வந்து மூடியைத் திறந்தாள்.

வட்டம் விழுந்திருந்தது. நல்ல அகலமான, தெளிவான வட்டம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் அந்த இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஊசி முனை அளவு. வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிந்தன, நேரே பிடித்தால் மறைந்தன.

அவள் தட்டை நேரே பிடித்தாள்.

மனசு இருக்கிறதே, அதற்கு வக்கீல் வேலை தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைக்கு மேலே ஏசியின் வாய் இருந்தது. போன வாரம்தான் அதிலிருந்து ஏதோ விழுந்து ஒரு தட்டு பாழாகி, பூதக்கண்ணாடியோடு பெரிய ரகளை. இதுவும் அப்படித்தான் இருக்கும். காற்றில் வந்த குப்பை. குப்பைக்குப் பயந்து தம்பியின் ஒற்றைச் சிறுநீரகத்தைக் காவு கொடுப்பதா? வேறு யாருடைய தட்டாக இருந்தாலும் அவள் இப்படி வாதாடியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் போனை எடுத்தாள்.

"கேக்குது டாக்டர். இதையே கண்டினியூ பண்ணுங்க."

"ஷ்யூரா? ரெண்டு பேரும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. சுத்தமா இருக்கு."

போனை வைத்த பிறகு, அந்தப் புள்ளிகளைக் கம்பி நுனியால் கிள்ளி, புதுத் தட்டில் பூசி, அதே மருந்தின் வில்லையை வைத்துச் சூட்டுப் பெட்டிக்குள் தள்ளினாள். கை பழகிய பழக்கம். எழுந்ததும் பல் தேய்ப்பது மாதிரி செய்துவிட்டாள்.

பூதக்கண்ணாடி வந்ததும் கேட்டாள். "தம்பி தட்டு என்னாச்சு?"

"வட்டம் நல்லா விழுந்திருக்கு. வார்டுக்குச் சொல்லிட்டேன்."

மற்ற நாளாக இருந்தால் பூதக்கண்ணாடி தட்டைப் பிடுங்கிப் பார்த்து, நான் பார்க்காமல் எப்படிச் சொன்னாய் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பாள். அன்று இவள் முகத்தைப் பார்த்தாள். தோளைத் தட்டி, "நல்லதாப் போச்சு. போய் அவனப் பாரு" என்றாள். அந்த ஒரு நாள் அவள் நல்லவளாக இருந்துவிட்டாள்.

மேலே போனால் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா.

"லிஃப்ட் கீழ வந்துட்டிருக்குக்கா," என்றான், சூடு காட்டும் திரையைக் கண்ணால் காட்டி. "எந்த மாடியில நிக்கும்?"

"வாய மூடிட்டுப் படுடா."

"நீயே பாத்தியா தட்ட?"

"நான்தான் பாத்தேன்."

"அப்போ சரி," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அம்மாவுக்கு மாத்திரை வேளை வந்திருந்தது. தம்பி கொடுத்த சிறுநீரகத்தை அம்மாவின் உடம்பு வெளியே தள்ளிவிடாமல் இருக்க, தினமும் வேளை தவறாமல் போட வேண்டிய மாத்திரை. எடுத்துக் கொடுப்பது எப்போதும் மகள்தான். அம்மா பேசிக்கொண்டே உள்ளங்கையை நீட்டினார், வாங்கினார், விழுங்கினார். கையில் என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா சட்ட பட்டனக் குடுத்தாகூட அம்மா முழுங்கிடும்," என்றான் தம்பி கண்ணைத் திறக்காமலே. அம்மா சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது, புள்ளிகளைப் பூசிய தட்டில் வட்டமே இல்லை. பேருக்குக்கூட இல்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி கொழுகொழுவென்று வளர்ந்து நின்றது. பின்னால் வந்து நின்ற பூதக்கண்ணாடி அந்தத் தட்டையும் பழைய தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பழையதை வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"இது உன் கண்ணுக்குத் தெரியலன்னு மட்டும் சொல்லாத," என்றாள். குரலில் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

லிஃப்டுக்கு நிற்காமல் படியேறி ஓடினாள். ஐசியூ டாக்டரிடம் எதையும் பூசி மெழுகவில்லை. புள்ளிகள் இருந்தன, பார்த்தேன், குப்பை என்று நினைத்தேன், இரண்டாவது ஆள் பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நர்ஸுக்குக் கடைசி மருந்தைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"விடியக்காலையில இருந்து பிரஷர் இறங்கிட்டிருக்கு. யூரின் குறைஞ்சுபோச்சு. நேத்து நல்லா இருந்தாரு மேடம். நேத்து இதக் குடுத்திருந்தா கிட்னி தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம். ஆளு தாங்கியிருப்பாரு."

கட்டிலில் தம்பிக்கு மேல்மூச்சு வாங்கியது. மூச்சுக் குழாய் வைக்கத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினான்.

"என்னக்கா, உன் தட்டு கவுத்திடுச்சா?"

"தட்டு இல்லடா. நான்தான்…"

"சே, நீ எங்க கவுக்கப்போற," என்றான். மேலே பேச மூச்சு இல்லை. நர்ஸ் முகமூடியைத் திரும்ப வைத்து, அவளை விலகி நிற்கச் சொன்னாள். அந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்கு வேறு வேளை கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் கட்டிலோரம் தள்ளிக்கொண்டு போவதை அம்மா நடையில் உட்கார்ந்து பார்த்தார். அந்த இயந்திரம் அம்மாவுக்குப் பழக்கமானது. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவனுக்கு நின்னுபோச்சாமே."

"ஆமாம்மா."

"எங்கிட்ட இருக்கறது அவனோடதுதானே. எடுத்து அவனுக்கே வச்சிடச் சொல்லு. நான் பழையபடி மெஷின்லயே ஓட்டிக்கறேன்."

"அப்படியெல்லாம் வைக்க முடியாதும்மா. ரத்தம் முழுக்கக் கிருமி."

"நீ டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேளு. கேட்டா என்ன."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். வட்டத்தை, புள்ளிகளை, தட்டை நேரே பிடித்ததை, போனில் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அவனுடைய ஒற்றைச் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"சொல்ல வந்தேன். அவன் நம்பல."

அம்மா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. நடையின் மறுகோடியில் யாரோ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மருந்து அதன் வேலையைச் செய்ததா, செய்வதற்குள் நேரம் போய்விட்டதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அடுத்த நாள் மத்தியானம் தம்பி போய்ச் சேர்ந்தான். ஐசியூ டாக்டர் வெளியே வந்து, அம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதைச் சொன்னார். பூதக்கண்ணாடி அடித்தளத்திலிருந்து மேலே வந்து சுவரோரம் நின்றாள். இவள் கிட்டே வரவில்லை, போகவும் இல்லை.

உடம்பைத் தருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் அம்மாவின் மாத்திரை வேளை வந்தது. இழவு வீடானாலும் அதைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட்டால் அவனுடையதென்று இந்த உலகத்தில் உயிரோடு மிஞ்சியிருப்பதும் போய்விடும். அவள் பையிலிருந்து அட்டையை எடுத்து, மாத்திரையை உதிர்த்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கினார். விழுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் புரட்டி மறுபக்கமும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததே கிடையாது. பிறகு அந்தப் பக்கமாகப் போன நர்ஸைக் கூப்பிட்டுக் கையை நீட்டிக் காட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இது கிட்னிக்குப் போடற மாத்திரதானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தாள். அவள் அட்டையை நீட்டினாள். நர்ஸ் அட்டையையும் மாத்திரையையும் ஒத்துப் பார்த்து, "சரியான மாத்திரதான்மா, போட்டுக்கோங்க" என்றாள்.

அம்மா போட்டுக்கொண்டார்.