கதவை வெட்டச் சொன்னேன்

என் காரில் கம்பெனி வைத்து அனுப்பிய ஸ்பீக்கரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. பளபளவென்று பெயின்ட், பின்னால் பார்க்கக் கேமரா, எல்லாம் கொடுத்தவர்கள் பாட்டு விஷயத்தில் மட்டும் கை வைத்துவிட்டார்கள். பாடுகிறவர் தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் கதவே கடகடவென்று ஆடும். என் வீட்டுக்காரர் "மாத்திடலாம், மாத்திடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாற்றாமலேயே போய்ச் சேர்ந்தார், மகராசன்.

நான் ஆபரேஷன் வார்டு நர்ஸ். பகலெல்லாம் "சிஸ்டர், சிஸ்டர்" என்று பிய்த்து எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் பேரன் தூங்குவான், இருமக்கூட முடியாது. எனக்கென்று இருக்கிற ஒரே அறை அந்தக் கார்தான். பாட்டுக் கேட்பதும் அங்கேதான், அழுவதும் அங்கேதான்.

அதைத்தான் என் மகன் தன் மச்சானுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி வாசிப்பதுபோல் சொன்னான்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா ஓட்டற வேலை? நானே கொண்டுபோய் விடறேன், நானே கூட்டிட்டு வரேன். ஞாயித்துக்கிழமை மச்சான் வந்து பாப்பாரு. அதுவரைக்கும் வண்டியில எதையும் தொட்டுடாதே. கம்பெனியில வந்தபடியே இருக்கணும்னு கேட்டிருக்காரு."

பக்கத்தில் மருமகள். அவள் அண்ணன் விஷயம். வார்டில் டாக்டரையே அதட்டுகிறவள், நாக்கு நுனிவரை வந்ததைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன். கோபத்தை விழுங்கினால் செரிக்குமா? சனிக்கிழமை டியூட்டி இல்லை. வண்டியை நேராகக் கார் ஸ்டீரியோ கடைக்கு விட்டேன்.

"சார் வரலையாம்மா?" என்றார் கடைக்காரர், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து.

"சார் செத்துப் போயிட்டாரு. வண்டியும் என்னோடது, காதும் என்னோடது. என்கிட்டயே பேசுங்க."

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகப் பேசினார். கதவின் உள்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். இத்தனை பெரிய கதவுக்குள் சாஸர் அளவுக்கு ஒரு காகித ஸ்பீக்கர்! அடப்பாவிகளா!

"பெருசு போடணும்னா தகரத்தை வட்டமா வெட்டணும்மா. உள்ளே அதிராம இருக்க ஷீட் ஒட்டணும். ஆனா வெட்டினா வெட்டினதுதான். நாளைக்கு விக்கப் போனா, ஒரிஜினல் இல்லைன்னு எவனும் வாங்கமாட்டான்."

மனுஷன் என் வயிற்றில் பால் வார்த்தார்.

"தாராளமா வெட்டுங்க. நாலு கதவையும் வெட்டுங்க."

பாதி வேலையில் மகன் போன் செய்தான்.

"எங்கேம்மா இருக்கே? என்ன அது சத்தம்?"

"கார் கதவை வெட்டறாங்க."

"ஐயையோ! நிறுத்தச் சொல்லும்மா!"

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று போனை வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மகன் பின்சீட்டில் ஏறினான். மச்சான் ஸ்டியரிங் முன்னால், நான் அவர் பக்கத்தில். நானே பாட்டைப் போட்டேன். பாடகி வரிக்கு முன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தாளம் முதுகில் வந்து தட்டியது. ஒரு நிமிஷம் எல்லாரையும் மறந்துவிட்டேன்.

"அத்தை! பிரமாதம்!" என்று மச்சான் துள்ளினார். "வாங்கினதும் நானே இதைத்தான் செய்யணும்னு இருந்தேன். யாராவது மட்டமா எதையாவது மாட்டிடப் போறாங்களேன்னுதான் தொட வேண்டாம்னு சொன்னேன். எனக்கு வேலை மிச்சம்!"

பின்சீட்டில் மகன் முகம் மலர்ந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல காரியம் செய்தாயடி என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், கதவை வெட்டி, ஸ்பீக்கர் மாட்டி, சீவிச் சிங்காரித்து அல்லவா தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன்!

"இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருக்கு அத்தை?" என்று மச்சான் கை நீட்டினார்.

பாட்டை நிறுத்தினேன்.

"தம்பி, கீழே இறங்குங்க. இந்த வண்டியை நான் தர்றதா இல்லை."

"அம்மா!" என்று மகன் கத்தினான். "நான் வாக்குக் குடுத்துட்டேன்!"

"வாக்கு உன்னோடது. நீயே வெச்சுக்கோ. வண்டி என்னோடது."

"அவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். நாளைக்கும் நான்தான் ஓட்டுவேன், நாளன்னிக்கும் நான்தான் ஓட்டுவேன். முடியாத அன்னிக்கு நானே உன்னைக் கூப்பிடறேன்."

மச்சான் பாவம், நீட்டிய கையாலேயே கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார். நான் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். மகன் இறங்கவில்லை. உர்ரென்று உட்கார்ந்திருந்தான். வந்தால் வரட்டும். பாட்டைத் திரும்பப் போட்டு வண்டியைத் தெருவுக்கு எடுத்தேன்.

முக்கு திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா."

"முடியாது" என்றேன்.