நாலு வீட்டுத் தாலாட்டு

கோட்டைக்குப்பத்தில் எதற்கும் முறை உண்டு. ஏரியில் மீன் அதிகம் விழும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்தப் பாட்டில் எந்த வீட்டுக்காரன் எப்போது வலை கட்டுவது என்பதை ஊர்க்கூட்டம் முறை வைத்துத்தான் தீர்மானிக்கும். அம்மனுக்குக் கூழ் காய்ச்ச முறை, ஒல்லாந்தர் கோட்டைக்கு மீன் கூடை சுமக்க முறை. அதனால், தன் எட்டு மாதப் பெண் அஞ்சலை தூங்காமல் வீட்டை இரண்டாக்கியபோது, அதற்கும் முறை வைத்துவிடலாம் என்று வரதனுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அவன் பெண்சாதி பச்சையம்மா அதற்குத் தலையாட்டியதுதான் ஆச்சரியம். அவள் இருந்த அசதியில், குழந்தையைக் கப்பலில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

தெருவில் நாலு வீடுகள் ஒப்புக்கொண்டன. ஒருநாள் முனியம்மா. அவள் குழந்தையைக் காலில் போட்டு, கருவாட்டு மண்ணைத் தட்டி உதறுகிறவளைப்போல முதுகில் தட்டுவாள். மறுநாள் வரதனின் அக்கா கோவிந்தம்மா. அவள் கட்டும் தூளி கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அடுத்தநாள் எதிர்வீட்டுத் தேவகி. அவளுக்குக் குழந்தை சிணுங்கினாலே பசி. கொட்டாவி விட்டாலும் பசி. கிண்ணத்தில் கஞ்சியோடுதான் வருவாள். நாலாவது வீட்டுக் குப்பன், தோளில் சாய்த்துக்கொண்டு கரையோரம் நடந்தே தூங்கவைப்பார்.

இரண்டு மாதத்தில் அஞ்சலை நாலையும் கற்றுக்கொண்டாள். முதலில் தட்ட வேண்டும். தட்டிக் கண் மூடினால் தூளி. தூளி நின்றால் கஞ்சி. கஞ்சி முடிந்தால் கரை. கரையிலிருந்து திரும்பிப் பாயில் போட்டதும், எல்லாம் முதலிலிருந்து. பகலில் மட்டும், உலரும் வலையின் நிழலில் அந்தி சாயும்வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள். பெண்களுக்கு அது வசதியாக இருந்தது. கருவாடு திருப்பும்போது தொந்தரவு இல்லையே.

இதெல்லாம் போகட்டும் என்றுகூடப் பச்சையம்மா இருந்திருப்பாள். ஆனால் வரும் அமாவாசைக்கு முகத்துவாரப் பாடு வரதனுக்கு. விடியுமுன் ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கத் தொடங்கும்போது அங்கே கழி ஊன்றி வலை கட்டியவனுக்கு இறால் குவியும். அந்த நேரத்துக்கு ஆள் இல்லையென்றால், வந்து நிற்கும் அடுத்த முறைக்காரன் திருவேங்கடத்துக்குப் பாடு போய்விடும். பிறகு ஊர் முழுக்கச் சுற்றித்தான் திரும்பி வரும். போன தடவை வரதன் போனான். ஆனால் படகிலேயே தூங்கிவிட்டான். கழி சாய்ந்து, வலை மடங்கி, பிடித்ததெல்லாம் கடலுக்கே போயிற்று.

"இந்த வாட்டியும் தூங்கினீன்னா நானே வந்து வலை கட்டறேன், நீ வூட்ல குந்திக்கினு உன் பொண்ண ஆட்டு" என்றாள் பச்சையம்மா.

"நான் இன்னா வேணும்னா தூங்கினேன்? வூட்ல தூங்க வுட்டாத்தானே?"

"அதான் சொல்றேன். இனிமே அஞ்சலைக்கு முறை கிடையாது. நான் ஒருத்திதான்."

"எங்க அக்காகிட்ட யார் சொல்றது?"

"நீதான். உங்க அக்கா தானே?"

வரதன் சொல்லவில்லை. வலை கிழிந்திருக்கிறது என்று கரைப்பக்கம் போய்விட்டான். அன்று தன் முறை என்று தூளிச் சேலையோடு வந்த கோவிந்தம்மாவிடம் பச்சையம்மாவே சொல்ல வேண்டியதாயிற்று.

"இன்னாடி, என் தம்பி பொண்ணத் தூக்க எனக்கு முறை இல்லியா?"

"இருக்குது அண்ணி. பகல்ல தூக்குங்க. தூங்கவைக்க மட்டும் வேணாம்."

"என் தூளில போட்டா இந்நேரம் தூங்கிருக்கும்."

"தூங்கும். தூளி நின்னா முழிச்சிக்கும். விடியவிடிய யார் ஆட்டறது? நீங்க ஆட்டிட்டு வூட்டுக்குப் போயிடறீங்க."

கோவிந்தம்மா சேலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். போகவில்லை.

அன்று அஞ்சலையைப் பச்சையம்மா மத்தியானத்துக்குப் பிறகு தூங்கவிடவில்லை. கோட்டையில் அந்தி மணி அடித்ததும் வெந்நீரில் குளிப்பாட்டினாள், வயிறு நிறையப் பால் கொடுத்தாள், விளக்குத் திரியை உள்ளுக்கு இழுத்துவிட்டு, முழித்திருக்கும்போதே பாயில் கிடத்தினாள். தூக்கவில்லை, ஆட்டவில்லை. வயிற்றின்மேல் கையை மட்டும் வைத்து, ஒரே மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை கத்தினாள். அந்தக் கத்தலுக்கு நாலு வீடும் வாசல் படலுக்கு வெளியே வந்து நின்றது.

"முதுகுல தட்டுடி" என்றாள் முனியம்மா.

"கொழந்தைக்குப் பசிக்குது. கஞ்சி கொண்டாந்திருக்கேன்" என்றாள் தேவகி.

"காத்து வேணும் அதுக்கு" என்றார் குப்பன்.

"நமக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றாள் கோவிந்தம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

இதற்கிடையில் வரதன் மெல்ல ஊர்ந்து வந்து குழந்தைக்கு அடியில் கையை நுழைத்தான்.

"கைய எடு."

"ஒரே ஒரு வாட்டிமே. நைனாவப் பாத்துக் கைய நீட்டுது பாரு."

"எடு கைய. இப்பத் தூக்கினா, இதுவரைக்கும் கத்தினதெல்லாம் வீணாப் பூடும்."

கையை எடுத்தான். படலுக்கு வெளியே போய் அக்காவோடு நின்றுகொண்டான். உள்ளே பச்சையம்மாவுக்கும் கண்ணீர் வந்தது. குழந்தை அழுவதற்காகவா, வெளியே இத்தனை பேர் மூச்சுவிடுவதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று அஞ்சலை தூங்க வெகு நேரமாயிற்று. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அழுகை கொஞ்சம் சுருங்கியது. தினமும் அதே மணி, அதே வெந்நீர், அதே பாய், அதே முணுமுணுப்பு. அமாவாசைக்கு முந்தின நாள், வயிற்றில் வைத்த கையைப் பிடித்துக்கொண்டு, தன் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு, அஞ்சலை தானாகவே கண்ணை மூடினாள்.

வரதனும் தூங்கினான். பச்சையம்மாவும் தூங்கினாள். இரண்டு மாதத் தூக்கம்.

அவள் கண் விழித்தபோது கூரை ஓட்டையில் வெளிச்சம் இருந்தது.

"யோவ், தண்ணி எறங்கிப்போச்சு" என்று அவனை உலுக்கினாள்.

வரதன் துள்ளி எழுந்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வலையை இழுத்துக்கொண்டு ஓடினான். பாடு போயிற்று, திருவேங்கடம் இந்நேரம் வலை கட்டியிருப்பான் என்று பச்சையம்மாவும் பின்னாலேயே ஓடினாள். கரைக்குப் போய்ப் பார்த்தாள். படகுகள் அத்தனையும் கரையிலேயே கிடந்தன. குப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். திருவேங்கடம் அப்போதுதான் துடுப்போடு வந்துகொண்டிருந்தான். கன்னத்தில் பாயின் கோடுகள்.

"இன்னாம்மா, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று அவன் பச்சையம்மாவைக் கேட்டான்.

"நல்லாத்தான் கீது. ஏன்?"

"விடியறதுக்கு முன்ன அது ஒரு வாட்டி கத்துமே. அதுக்குத்தான் தெருவே எழுந்துக்கும். இன்னிக்கு ஏன் கத்தல?"

இரண்டு மாதம் பச்சையம்மா எலும்பு தேய்ந்ததில் தெருவே நேரத்துக்கு எழுந்து பிழைத்திருக்கிறது. ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"அடுத்தவன் வந்து நிக்கறதுக்குள்ள போய்ட்டா பாடு என்னுது" என்று கத்திக்கொண்டே வரதன் படகைத் தள்ளினான். பாதித் தண்ணீர் இன்னும் ஏரியில் இருந்தது. திருவேங்கடம் சிரித்துவிட்டு, ஒரு கை கொடுத்துத் தள்ளியும் விட்டான்.

"இருந்தாலும் அந்த விடியக்காலை அழுகைய மட்டும் வுட்டு வைக்கலாம்மா" என்றார் குப்பன் பணிவாக. "ஊருக்கு உபகாரம்."

"ஊருக்கு ஒரு சேவல் வாங்குங்க மாமா."

வீட்டுக்குத் திரும்பினாள். படலண்டை கோவிந்தம்மா நின்றிருந்தாள். தூளிச் சேலை இல்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இதுவரை அந்தத் தெரு கேட்டிராத தணிந்த குரலில், "இன்னுமா தூங்குது?" என்றாள்.

"தூங்குது அண்ணி."

"மெதுவா ஒரு தட்டுத் தட்டிட்டு..."

"வேணாம் அண்ணி."

"பாக்கவாவது வுடுடி."

பச்சையம்மா பெருமூச்சுவிட்டுப் படலை ஒரு சாண் திறந்தாள்.