ஜமீனின் வலது கண்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நாயின் வலது கண் சிவந்திருப்பது கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் வீட்டுத் தலைவர். முப்பத்தோரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தும்மினால்கூட மூன்று பிரதி எடுத்துவிட்டுத் தும்முவார் என்பதால் அங்கே அவருக்குச் ‘சுற்றறிக்கை’ என்று பெயர்.

நாய் மகளுடையது. சடை நாய், நடையைப் பார்த்து ஜமீன் என்று கூப்பிட்டார்கள். மகள் திங்கட்கிழமை வெளியூர் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் மூன்று வாரப் பயணம் இருக்கிறது. ஜமீனை அப்பாவிடம் விடுவதா, மாமியாரிடம் விடுவதா என்பதை இந்த நான்கு நாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வாளாம். சம்பந்தியிடம் தோற்பதைவிட ஓய்வூதியத்தையே இழக்கலாம் என்பது சுற்றறிக்கையின் கட்சி.

ஆகவே அவசரக் கூட்டம். அவர், மனைவி, வங்கிக்குப் போகும் மகன் மூவரும் ஆஜர். தன் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தில் இரண்டு சொட்டு விடலாம் என்று அவர் முன்மொழிந்தார். மனுஷ மருந்து நாய்க்கு ஆகாது என்று மனைவி மறுத்தாள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஒரு தரம் துடைத்துவிட்டு, ஏன் சிவந்தது என்று பார்க்க வேண்டும் என்றாள். துடைப்பது மட்டும் தீர்மானமாகக் குறிப்பேட்டில் ஏறியது. மற்றது ஏறவில்லை.

மணிக்கொரு தரம் துடைப்பு, முறை வைத்து. துடைத்தவர் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் துடைத்ததில் நம்பிக்கை இல்லாததால், மேலாய்வு என்ற பெயரில் அவர் மறுபடி துடைத்தார்.

“கண்ணுக்கு மதிய இடைவேளை உண்டாப்பா?” என்று மகன் கேட்டான்.

வியாழக்கிழமைக்குள் பஞ்சைக் கண்டாலே ஜமீன் கட்டிலுக்கடியில் ஓடியது. கண் இன்னும் சிவந்தது. ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மனைவி சொன்னது பரிசீலனையில் இருந்தது.

வெள்ளி மாலை மகள் வந்தாள். நாற்பத்தாறு துடைப்புகள் என்று அவர் அறிக்கை வாசித்துக்கொண்டிருக்க, அவள் ஜமீனின் நெற்றி முடியைத் தூக்கிப் பார்த்தாள். முடி நேராகக் கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

“கிளிப் எங்கப்பா?”

திங்கட்கிழமை மாலை நடைக்குப் போகும்போதே கழற்றிவிட்டாராம். ரோஸ் கலர் கிளிப் போட்ட நாயோடு தெருவில் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

“முடி குத்துதான்னு யாருக்குமே தோணலையா?”

“அது கூட்டத்துல பேசப்படல.”

“நான் பேசினேன்,” என்றாள் மனைவி, அடுப்பை அணைத்தபடி.

மகள் முடியைத் தூக்கிக் கட்டினாள். அன்றே டாக்டரிடமும் போனாள். கண்ணில் கீறல் இல்லை. பாதிச் சிவப்பு முடியால், பாதி துடைத்ததால் என்றார் டாக்டர். நல்ல கண்ணை இப்படித் தேய்க்கச் சொன்னது யார் என்றும் கேட்டார். தீர்மானம் என்று மகள் சொல்லவில்லை. இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது.

சுற்றறிக்கை, சிகிச்சை வெற்றி என்று எழுதி மனைவி, மகன், மகள் மூவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த மாதம் மூன்று வாரமும் ஜமீன் சம்பந்தி வீட்டில் இருந்தது.