ஒன்பதாம் பக்கம்

வகுப்பில் அவளுக்கு ‘நிதானம்’ என்றே பெயர். கேலிக்காகத்தான் வைத்தார்கள், அவளோ அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள். மற்ற பாடங்களிலெல்லாம் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது வாசிப்புத் தேர்வு. பன்னிரண்டு பக்கம், தொண்ணூறு நிமிடம். அதில் தேறாதவர்களுக்குப் பள்ளி முடித்த சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் மருந்தாளர் படிப்பில் அவளுக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும். இரண்டு முறை எழுதியிருந்தாள். இரண்டு முறையும் கடைசிப் பக்கங்களுக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது. இது மூன்றாவது முறை, இதுவே கடைசி.

அவள் ஒன்றும் மக்கு இல்லை. அம்மாவின் மருந்துக்கடையில் வளர்ந்தவள். அங்கே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் பெயர், அளவு, காலாவதித் தேதி, மூலையில் இருக்கும் பொடி எழுத்து எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. மேலோட்டமாக மேய்ந்து விடையை மட்டும் கொத்திக்கொண்டு போகும் வித்தை அவளுக்கு வராது. வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை, அதுதான் அம்மாவுக்குத் தலைவலி.

“இன்னைக்காவது கொஞ்சம் வேகமா படிடி,” என்று பள்ளி வாசலில் கெஞ்சினாள் அம்மா.

“வேகமா படிச்சுத் தப்பா எழுதறதுக்கு நான் எதுக்கும்மா உள்ள போகணும்?”

அறையில் முப்பத்தெட்டுப் பேர். வினாத்தாளின் முதல் பக்கத்தில் ஏழு விதிகள், அடியில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். இவள் முதல் விதியிலிருந்து ஆரம்பித்தாள்.

மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றார். “கையெழுத்துப் போடும்மா. எல்லாரும் எழுதவே ஆரம்பிச்சாச்சு.”

“பன்னெண்டு பக்கமும் இருக்கான்னு எண்ணிட்டுத்தான் போடணும்னு மூணாவது விதி சொல்லுது சார். எண்ணிட்டேன். எட்டுக்கு அப்புறம் பதினொண்ணு வருது.”

அவர் சலித்துக்கொண்டே வேறு தாள் எடுத்து வந்தார். அதிலும் எட்டுக்கு அப்புறம் பதினொன்றுதான். அவருக்கு வியர்த்தது.

“எல்லாரும் ஒன்பதாம் பக்கம் இருக்கான்னு பாருங்க.”

ஒருவரிடமும் இல்லை. இருக்கிறது என்று முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தன் மேஜையிலிருந்த உறுதிமொழித் தாளில் ஆசிரியரும்தான்.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தார். “புதுத் தாள் வர முக்கால் மணி நேரம் ஆகும். போன நேரத்துக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல.”

“ஏழாவது விதி சார். தடங்கல் வந்தா நேரத்த முதல்லேர்ந்து கொடுக்கணும். அதுவரைக்கும் தாளப் படிக்கலாம், எழுதக் கூடாது.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழாவது விதியைப் படித்தார். அப்படியேதான் இருந்தது. உரக்க வாசித்தும் காட்டினார். ஆனாலும் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு கிசுகிசுத்தார்கள். அவள் மட்டும் பத்துப் பக்கத்தையும் சொல் சொல்லாக, ஆற அமரப் படித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேர்வு அவளுடைய நடைக்கு வந்து சேர்ந்திருந்தது. புதுத் தாள் வந்தபோது புதிதாகப் படிக்க இரண்டே பக்கம். ஆறு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தாள். அந்த ஆறு நிமிடத்தில் பக்கங்களை இன்னொரு தடவை எண்ணினாள்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு உறை வந்தது. மகள் பிரித்து, மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

“தேறிட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லுடி!”

“இரும்மா. இப்பத்தான் ரெண்டாவது வரி.”

மருந்து வாங்க வந்தவர்கள்கூட மருந்தை மறந்து நின்றார்கள். ஆறாவது வரியில் அவள் விரல் நின்றது.

“தேறிட்டேன்மா.”

அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“கொடுடி, நானும் பாக்கறேன்.”

“கொஞ்சம் இரும்மா,” என்று அம்மாவின் தோளுக்கு மேலே தாளைத் தூக்கிப் பிடித்தாள் மகள். “கீழ இன்னும் நாலு வரி இருக்கு.”