எந்தப் புட்டி ஒளிர்ந்தது?

சீனாவின் செங்டு நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் மெய்லான் உருவாக்கிய சாயம், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு அமிலங்களில் இடக்கை வகையோடு சேர்ந்தால் மட்டும் நீலமாக ஒளிரும். ஆய்விதழுக்குக் கட்டுரையும் அனுப்பியாயிற்று. இன்று புதிதாக வாங்கிய புட்டிகளில் வலக்கை வகை ஒளிர்ந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை சோதனைக் குழாயைக் கழுவி மறுபடி செய்து பார்த்தாள்; அதேதான்.

“வாடி, கேன்டீன்ல நூடுல்ஸ் தீந்துடும்,” என்றாள் சீனியர் யூஷ்வான்.

“எப்படிக்கா தொண்டையில எறங்கும்?”

பழைய, புதிய அமிலங்களை, ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் கருவியில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. பழைய புட்டிகளில் லேபிளை மாற்றி ஒட்டியவள் அவளேதான். பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

“சாயம் ரெண்டையும் பிரிச்சுக் காட்டுதுல்ல? இடத்தையும் வலத்தையும் மாத்தி எழுதி இன்னைக்கே அனுப்பும்மா,” என்றார் அவர்.

அனுப்பினாள். அப்புறமும் உட்காராமல், அலமாரியிலிருந்த மற்றப் புட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சோதிக்கத் தொடங்கினாள்.