தண்ணி காட்டாத எருமை

கீழூர்ச் சிங்களவர் உக்குராளை, தேயிலைத் தோட்டத்துக்குக் கட்ட வேண்டிய தண்டம் பதினேழு ரூபாய் ஐம்பது சதம். அதைக் கட்டும்வரை அவருடைய எருமை விறகுக் கொட்டகைத் தூணில் கட்டிக் கிடக்கும். தண்ணி காட்டக் கூடாது. அது மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா போட்ட சட்டம். "தாகத்துல கத்தட்டும்டா. கத்துனாதான் நாட்டான் காசோட ஓடி வருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிடித்துக் கட்டியவன் காவல்கார அழகுமுத்து. மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு போனபின் கிடைத்த வேலை அது. தேயிலைக்குள் நுழைகிற மாட்டைப் பிடிக்காமல் விட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, லயத்துக் காம்பராவும் போகும். எருமை எப்போதும் ஒரே வழியில்தான் வரும். ஏழாம் நம்பர் மலை நடுவில் ஒரு குட்டை. தேயிலை வைப்பதற்கு முன்னால் கீழேயுள்ள சிங்கள ஊர்க்காரர்கள் மாடு குளிப்பாட்டிய இடம். தாய்க்குப் பின்னால் கன்று, அதன் பின்னால் அதன் கன்று என்று அந்த வழி இன்னும் மறக்காமல் கிடந்தது.

போன சம்பள நாளுக்கு மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டித் தோட்டத்துத் துரை படம் காட்டினார். தலையில் இறகு சொருகிய குதிரைக்காரர்கள், கூண்டு வண்டியில் குடியேற வந்த ஒரு குடும்பத்தைக் கொளுத்துகிறார்கள். லயமே எழுந்து நின்று அவர்களைத் திட்டியது. அழகுமுத்துவும் திட்டினான். அவன் பெண்சாதி மீனம்மா மட்டும், பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்து மாஸ்டர் குணரத்தினத்திடம் கேட்டாள். "அவங்களுக்கு என்னாங்க அம்புட்டு ஆத்திரம்? படத்துல அதச் சொல்லவே இல்லியே?"

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "அவையள் அமெரிக்காவிலை இருந்த கோமாஞ்சிச் சனம். அவையளின்ரை நிலத்துக்கை வெள்ளைக்காரர் வந்து குந்திக்கொண்டு, அவையள் திண்டு சீவிச்ச எருமையளையும் மந்தை மந்தையாச் சுட்டுப் போட்டினம். எழுதிக் குடுத்த ஒப்பந்தமும் நிக்கேல்லை. சண்டை பிடிக்காமல் வேறை என்ன செய்யிறது?"

"அப்ப மாஸ்டரு எறகுக் கட்சி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று படம் பார்த்த உக்குராளை சிரிக்கவில்லை.

எருமையைக் கட்டிய மறுநாள் காலை உக்குராளை வந்தார். இடுப்பில் காட்டுக்கத்தி. அவரைக் கண்டதும் எருமை கயிறு இறுக எழும்பித் தொண்டை கிழியக் கத்தியது.

"அழகுமுத்து, அவிழ்த்து விடு. நம்ம வயலுக்கு நாளைக்கி மட்டும்தான் தண்ணி முறை. எருமை சேறு மிதிக்காட்டி நெல்லு இல்லே."

"தண்டத்தக் கட்டிட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க ராளாமி."

"காசு இருந்தா உங்கிட்ட வந்து நிக்கிறதா? அந்தக் குட்டை நம்ம அப்பா வெட்டினது. மே அப்பே இடம்."

இது எங்கள் நிலம். அந்த அளவு சிங்களம் அழகுமுத்துவுக்குத் தெரியும்.

"நானாங்க புடுங்குனேன்? தொரை வாங்குனாரு."

"காடு வெட்டினது யாரு? தொரையா?"

வெட்டியது அழகுமுத்துவின் அப்பன். கங்காணி கைகாட்டிய இடத்தை வெட்டினான். யாருடையது என்று கேட்க அவனுக்குத் தெரியவில்லை. படத்தில் எரிந்த வண்டிக்குள்ளும் கைப்பிள்ளையோடு ஒருத்தி இருந்தாள். போகிற இடம் யாருடையது என்று அவளுக்கு மட்டும் யார் சொல்லியிருப்பார்கள்? இந்தியாவிலிருந்து வந்தவன், உனக்கு இந்த நாடு இல்லை, ஓட்டு இல்லை என்று சர்க்கார் சொல்லி ஏழெட்டு வருஷம் ஆகிறது. காம்பராவும் போனால் மீனம்மாவைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? அழகுமுத்து கயிற்று முடிச்சில் கை வைத்தான். எடுத்துக்கொண்டான்.

"என்னால ஏலாதுங்க. என் சோத்துல மண்ணப் போட்றாதீங்க."

"ஒரு வாளி தண்ணி?"

ஸ்டோர் வாசலில் கண்டாக்கையா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டான். உக்குராளை இறங்கிப் போனார்.

மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் வடிகால் கானில் ஓடிய தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கமாக எருமை கயிற்றை இழுத்தது. இழுத்து இழுத்துக் கான் ஓரம் சறுக்கியது. உடம்பு கீழே, கழுத்துக் கயிறு மேலே. அழகுமுத்து நொண்டிக்கொண்டு ஓடிவந்து கயிற்றை அறுப்பதற்குள் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. மூக்குக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

உக்குராளை மறுபடி வந்தபோது கையில் காசு இருந்தது. பெண்சாதியின் தோட்டை வலப்பனை டவுன் கடையில் அடகு வைத்திருந்தார். கண்டாக்கையா காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தண்டக் கணக்கில் ஒரு கோடு இழுத்தார். "செத்த மாட்டுக்கு என்னாத்துக்குத் தண்டம்? தள்ளியாச்சுன்னு நாட்டான்கிட்ட சொல்லு. நாறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போவட்டும்."

அழகுமுத்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. உக்குராளை காசை மடியில் முடிந்துகொண்டு, எருமையின் நெற்றியில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே ஏழாம் நம்பர் மலையில் ஏறினார். கத்தியின் முதல் வெட்டில் ஒரு தேயிலைச் செடி தூரோடு சாய்ந்தது. அடுத்த வெட்டு அதற்கு மேலிருந்த செடியில் விழுந்தது. எருமை வந்த வழியிலேயே குட்டையைப் பார்த்து வெட்டிக்கொண்டு போனார். கொழுந்தெடுத்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

தடுக்க வேண்டியது அழகுமுத்துவின் வேலை. கம்போடு கொஞ்ச தூரம் ஏறினான். உக்குராளை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கத்தியின் வாயில் பச்சை ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. கீழே லயத்தில் கதவுகளை அடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அதில் மீனம்மா அடைத்த கதவு எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை.