நாற்பது சொச்சம் பேர்

அக்காவும் தங்கையும் நடத்தும் கேக் கடைக்கு அன்றுதான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. அடுத்த தெருக் கம்பெனியின் மேலாளர் அம்மாள் போனில் ஆங்கிலத்தில் மடமடவென்று பேசிவிட்டு வைத்துவிட்டாள். போனை எடுத்த தங்கைக்கு வியர்த்துவிட்டது.

“நாளைக்குச் சாயங்காலம் கப் கேக் வேணுமாம், ஆளுக்கு ஒண்ணு. எத்தனை பேருன்னு கேட்டா ‘ஃபார்ட்டி ஆட்’ங்கறாங்க. எத்தனை மணிக்குன்னு கேட்டா ‘ஃபைவிஷ்’. தும்முறாங்களோன்னு நினைச்சேன்.”

அக்கா மாவுக் கையோடு சிரித்தாள். டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் சிரிக்கவில்லை.

“ஆட்னா ஒற்றைப்படை. நாப்பத்தொண்ணு செஞ்சாப் போதும். இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கறீங்க.”

“எனக்கு இடிக்குது மாமா. ஒற்றைப்படையில யாராவது ஆள் கூப்பிடுவாங்களா? நான் திரும்பக் கேட்டுடறேன்.”

“கேட்டு மானத்தை வாங்காத. இங்கிலீஷ் தெரியாத கடைன்னு ஆர்டரை வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாங்க.”

அந்தப் பயம் தங்கைக்கும் இருந்தது. இருந்தாலும் வருவது வரட்டும் என்று எண்ணை அழுத்தினாள். நாற்பதுக்கு மேல் எத்தனை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிக் கேட்டாள். மேலாளர் சிரித்துவிட்டாள். நாற்பத்து மூன்றோ, நாற்பத்தெட்டோ, அது தனக்கே தெரியாது என்றாள்.

தங்கைக்குப் பளிச்சென்றது.

“அக்கா! நாப்பது சொச்சம் பேரு! அஞ்சு மணி வாக்கில!” போனைக் காதில் வைத்தபடியே கத்தினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐம்பது கேக் வரும், ஐந்துக்கு முன்பே வந்துவிடும் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “பெர்ஃபெக்ட்!” என்றது மறுமுனை.

மறுநாள் கம்பெனியில் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். நாற்பத்தொன்றாவது கேக் போன பிறகும் கைகள் நீண்டுகொண்டேயிருந்தன. கடைசியாக வந்த காவலாளிக்கும் கிடைத்து, தட்டில் இரண்டு மிஞ்சின. மாமா ஒன்றை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை பாருங்கள்.

மேலாளர் விரலை நக்கியபடியே வந்து, அடுத்த மாத ஆண்டு விழாவுக்கும் நீங்கள்தான் என்றாள். “எ கப்புள் ஆஃப் ஹண்ட்ரட்.”

இந்த முறை தங்கைக்கு வியர்க்கவில்லை. “அதிகபட்சம் எத்தனை மேடம்?” என்று அங்கேயே ஆங்கிலத்தில் கேட்டாள். மேலாளர் யோசித்து, இருநூற்று இருபது என்றாள்.

வாசலுக்கு வந்ததும் அக்கா காலித் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும்டி!”

வண்டியைக் கிளப்பிய அக்கா, எதிரே ஆளே இல்லாத தெருவில் கடை வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே போனாள்.